பிரவுசரில் பிடிஎஃப் திறக்கவில்லையா? எதை, எந்த வரிசையில் பார்ப்பது

வில்லங்கச் சான்று, தேர்வு நுழைவுச் சீட்டு, வங்கிக் கணக்கு அறிக்கை, விசா விண்ணப்பம் என்று இப்போது எல்லாமே பிடிஎஃப்பாகத்தான் வருகிறது. இணைப்பைத் தட்டினால் வெறும் வெள்ளைப் பக்கம். இல்லாவிட்டால் சாம்பல் நிறத் திரையில் 'ஃபெயில்டு டு லோட் பிடிஎஃப் டாக்குமென்ட்' என்று ஒரு வரி. பக்கத்தில் இருப்பவர் உடனே தரும் ஆலோசனை, 'கேஷ் கிளியர் பண்ணிப் பாருங்க', அதாவது பிரவுசர் சேர்த்துவைத்த பழைய தரவைத் துடைக்கச் சொல்கிறார். சில நேரம் அது பலிக்கும். பல நேரம், கூடவே குக்கிகளும் (தளம் நம்மை அடையாளம் வைத்துக்கொள்ளும் சிறு தரவு) துடைபட்டு எல்லாத் தளங்களிலும் லாகின் போய்விடும், பிடிஎஃப் மட்டும் முன்பிருந்தது போலவே இருக்கும்.

கோளாறு மூன்று இடங்களில் ஒன்றில்தான் இருக்க முடியும். கோப்பே கெட்டிருக்கலாம், கோப்பு வந்து சேரும் வழியில் தடங்கல் இருக்கலாம், காட்டுகிற பிரவுசர் சரியில்லாமல் இருக்கலாம். எது என்று கண்டுபிடிக்காமல் செட்டிங்ஸில் கை வைக்கக் கூடாது. கண்டுபிடிக்க ஒரே ஒரு சோதனை போதும், அதைத்தான் முதல் படியாக வைத்திருக்கிறேன்.

அதற்கு முன் ஒரு பழைய ஆலோசனையை ஒதுக்கி வைத்துவிடலாம். 'அடோபி பிளக்இன்னை எனேபிள் செய்யுங்கள்' என்று இன்றைக்கும் சிலர் சொல்வார்கள். குரோம் அந்த வகைப் பிளக்இன்களை 2015-இலேயே நீக்கிவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 2017-இல் நீக்கியது. இன்று கணினியில் ஓடும் முக்கியப் பிரவுசர்களுக்குள் பிடிஎஃப் காட்டும் நிரல் சேர்ந்தே வருகிறது. குரோமில் இருப்பது பிடிஎஃபியம். ஃபயர்ஃபாக்ஸில் பிடிஎஃப்.ஜேஎஸ், 2013-இல் வந்த 19-ஆம் பதிப்பிலிருந்து. இரண்டும் வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு விதமாக எழுதியவை. அதனால்தான் ஒன்றில் திறக்காத கோப்பு மற்றொன்றில் திறக்கிறது.

முதல் படி: சேமித்துவிட்டு வேறு இடத்தில் திறந்து பாருங்கள்

இணைப்பின் மேல் ரைட் கிளிக் செய்து 'சேவ் லிங்க் அஸ்' கொடுங்கள். போனில் என்றால் இணைப்பை அழுத்திப் பிடித்தால் 'டவுன்லோட் லிங்க்' வரும். கோப்பு இறங்கியதும் அடோபி ரீடரிலோ வேறொரு பிரவுசரிலோ திறந்து பாருங்கள்.

வெளியே ஒழுங்காகத் திறந்தால் கோப்பு நல்ல கோப்பு, தகராறு உங்கள் பிரவுசரில். மூன்றாம் படிக்குப் போகலாம். எங்குமே திறக்கவில்லை என்றால் கோப்பிலேயே பிரச்சினை, இரண்டாம் படி. கோப்பு இறங்கவே மறுத்தால் வழியில் ஏதோ தடுக்கிறது, நான்காம் படி. தமிழ் எழுத்து மட்டும் கோணல்மாணலாகத் தெரிந்தால் நேராக ஐந்தாம் படி, மற்றவற்றில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

அவசரமாகச் சான்று வேண்டும், காரணம் எதுவானால் என்ன என்பவர்களுக்கு இந்த ஒரு படியே போதும். சேமித்தது வெளியே திறந்துவிட்டால் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பலாம்.

இரண்டாம் படி: கோப்பைச் சந்தேகிப்பது

முதலில் அளவைப் பாருங்கள். பத்துப் பக்க ஆவணம் 2 கேபி-தான் இருக்கிறது என்றால் அது பிடிஎஃப்பே இல்லை. நோட்பேடில் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். உண்மையான பிடிஎஃப் கோப்பு, ஒரு சதவீதக் குறியும் பிடிஎஃப் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் பதிப்பு எண்ணுமாகத்தான் தொடங்கும். அதற்குப் பதிலாக ஹெச்டிஎம்எல் என்று தொடங்கினால், நீங்கள் சேமித்தது ஓர் இணையப் பக்கம், பெயர் மட்டும் பிடிஎஃப். லாகின் செய்து பயன்படுத்தும் தளங்களில் இது அடிக்கடி நடக்கும். கொஞ்ச நேரம் சும்மா விட்டதும் செஷன் முடிந்துவிடுகிறது. நீங்கள் சான்றைக் கேட்கிறீர்கள், தளம் லாகின் பக்கத்தைக் கொடுக்கிறது, பிரவுசர் அதைச் சான்றின் பெயரிலேயே சேமித்து வைக்கிறது. மறுபடி லாகின் செய்து, அதே டேபிலிருந்தே இறக்குங்கள். அந்த இணைப்பை நகலெடுத்து இன்னொருவருக்கு வாட்ஸாப்பில் அனுப்பினால் அவருக்கும் லாகின் பக்கம்தான் கிடைக்கும்.

அளவு ஓரளவு பெரிதாக இருந்தும் திறக்கவில்லை என்றால், பாதியில் நின்றுபோன டவுன்லோடாக இருக்கலாம். பிடிஎஃப்பில் எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை வழக்கமாகக் கோப்பின் கடைசியில்தான் இருக்கும். வால் அறுந்த கோப்பில் 90 விழுக்காடு வந்திருந்தாலும் முதல் பக்கம்கூடத் தெரியாமல் போவது அதனால்தான். பழையதை அழித்துவிட்டுப் புதிதாக இறக்குங்கள். அதே பெயரில் ஒன்று, இரண்டு என்று அடைப்புக்குறிக்குள் எண் போட்டுக் குவிந்திருக்கும் பிரதிகளில் எதைத் திறக்கிறோம் என்ற குழப்பமும் தீரும்.

கடவுச்சொல் கேட்கும் கோப்புகள் தனி ரகம். இ-ஆதாருக்கு எட்டு எழுத்துகள்: பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள் பெரிய எழுத்தில், தொடர்ந்து பிறந்த ஆண்டு. சுரேஷ்குமார், 1990 என்றால் எஸ், யு, ஆர், இ, பிறகு 1990. பெயரே மூன்று எழுத்துதான் என்றால் அந்த மூன்றோடு ஆண்டு. எழுத்துக்கூட்டல் ஆதாரில் இருக்கிறபடி இருக்க வேண்டும், நீங்கள் கையெழுத்துப் போடுகிறபடி அல்ல. இனிஷியல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதிலும் பலர் வழுக்குவார்கள். போனில் தட்டும்போது கீபோர்டு தானாகவே கடைசியில் ஓர் இடைவெளியைச் சேர்த்துவிடும். சரியான கடவுச்சொல்லும் தப்பு என்று திரும்பி வந்தால் அதைப் பாருங்கள்.

ஒரு தடவை திறந்த பிறகு ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கொடுக்க அலுப்பாக இருந்தால், குரோமில் திறந்து, பிரின்ட் கொடுத்து, பிரின்டருக்குப் பதில் 'சேவ் அஸ் பிடிஎஃப்' தேர்ந்தெடுங்கள். கடவுச்சொல் இல்லாத பிரதி கிடைக்கும். ஆனால் அதில் டிஜிட்டல் கையொப்பம் செல்லாமல் போய்விடும். ஆகவே மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள். 'பிடிஎஃப் பூட்டைத் திறந்து தருகிறோம்' என்று கூவும் இலவசத் தளங்களில் ஆதாரையோ வங்கி அறிக்கையையோ ஏற்றாமல் இருப்பது நல்லது. முன்பின் தெரியாத ஒருவரிடம் நம் பத்திரத்தைக் கொடுத்து ஜெராக்ஸ் எடுத்து வரச் சொல்வோமா?

'பிளீஸ் வெயிட்' என்று தொடங்கும் ஒரு பத்தி ஆங்கிலம் மட்டும் தெரிந்து, எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் வேறொன்றும் வராத கோப்புகளும் உண்டு. கனடா விசாவுக்கோ குடியேற்றத்துக்கோ விண்ணப்பிக்கும் நம் ஆட்கள் எல்லோரும் ஒருமுறையாவது இதில் மாட்டியிருப்பார்கள், ஏனென்றால் அந்நாட்டுக் குடிவரவுத் துறையின் பல படிவங்கள் இந்த வகைதான். இவை எக்ஸ்எஃப்ஏ படிவங்கள். கோப்புக்குள் படிவம் இன்னொரு கணினி மொழியில் எழுதப்பட்டிருக்கும். அதைப் படிக்கத் தெரியாத நிரலுக்காக வைத்த மாற்றுப் பக்கம்தான் அந்தப் 'பிளீஸ் வெயிட்'. காத்திருந்து பயனில்லை. கணினியில் அடோபி ரீடரை நிறுவி, படிவத்தைச் சேமித்து, ரீடருக்குள் போய் ஃபைல், ஓபன் வழியாகத் திறங்கள். இருமுறை கிளிக் செய்தால் மறுபடி பிரவுசரிலேயே போய் நிற்கும். ஃபயர்ஃபாக்ஸ் 93-ஆம் பதிப்பிலிருந்து இந்த வகையைக் காட்டும். ஆனாலும் கடைசியில் 'வேலிடேட்' பொத்தானை அழுத்தி பார்கோடு வரவழைக்க வேண்டிய படிவங்களுக்கு ரீடரே நம்பகமானது. போனில் முயலவே வேண்டாம்.

மூன்றாம் படி: பிரவுசரைச் சந்தேகிப்பது

இன்காக்னிட்டோவில் தொடங்குங்கள். குரோமிலும் எட்ஜிலும் கன்ட்ரோல், ஷிஃப்ட், என். ஃபயர்ஃபாக்ஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், பி. அந்த ஜன்னலில் பழைய குக்கிகள் இருக்காது, நீங்களாக அனுமதித்தவை தவிர எக்ஸ்டென்ஷன்களும் (பிரவுசரில் நாம் சேர்த்த துணை நிரல்கள்) ஓடாது. அங்கே பிடிஎஃப் திறந்தால் குற்றவாளி இந்த இரண்டில் ஒன்று.

எக்ஸ்டென்ஷன் என்றால் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். முதலில் டவுன்லோட் மேனேஜரையும், அடுத்து விளம்பரத் தடுப்பானையும், அதற்கடுத்து பிடிஎஃப் தொடர்பான எதையும். ஐடிஎம் (இன்டர்நெட் டவுன்லோட் மேனேஜர்) வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: பிடிஎஃப் இணைப்பைத் தட்டியவுடன் அது குறுக்கே பாய்ந்து கோப்பைத் தானே இழுத்துக்கொள்ளும், பிரவுசருக்கு மிஞ்சுவது காலிப் பக்கம். ஐடிஎம்மின் ஆப்ஷன்ஸில் ஃபைல் டைப்ஸ் பட்டியலிலிருந்து பிடிஎஃப்பை எடுத்துவிட்டால் சரியாகிவிடும்.

குக்கி என்றால் மொத்தத்தையும் துடைக்கத் தேவையில்லை. முகவரிப் பட்டையின் இடது முனையில் இருக்கும் சின்னத்தைத் தட்டி, அந்த ஒரு தளத்தின் குக்கியையும் தரவையும் மட்டும் நீக்கலாம். பக்கம் பழைய பிரதியையே காட்டுகிறது என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர்.

இன்காக்னிட்டோவிலும் திறக்கவில்லையா? பிடிஎஃப் வந்தால் காட்டுவதா, இறக்குவதா என்ற அமைப்பைப் பாருங்கள். குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், அடிஷனல் கன்டென்ட் செட்டிங்ஸ், அதற்குள் பிடிஎஃப் டாக்குமென்ட்ஸ். இவ்வளவு ஆழத்தில் ஏன் புதைத்து வைத்தார்களோ. ஃபயர்ஃபாக்ஸில் செட்டிங்ஸ், ஜெனரல், அப்ளிகேஷன்ஸ் பட்டியலில் பிடிஎஃப்புக்கு நேராக 'ஓபன் இன் ஃபயர்ஃபாக்ஸ்' இருக்க வேண்டும்.

பக்கங்கள் கறுப்பாகவோ துண்டு துண்டாகவோ தெரிந்தால், உருட்டும்போது மட்டும் எழுத்துகள் வந்து வந்து போனால், அது கிராஃபிக்ஸ் சமாச்சாரம். குரோமின் செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதியில் 'கிராஃபிக்ஸ் ஆக்சிலரேஷன்' இருக்கும். அதை அணைத்துவிட்டு பிரவுசரை மூடித் திறங்கள். சரியானால் கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்துவிட்டு மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

பிரவுசர் எந்தப் பதிப்பு என்பதையும் பார்த்துவிடுங்கள். விண்டோஸ் 7 இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பிரவுசிங் சென்டர்கள் உண்டு. அதில் குரோம் 109-உடன் நின்றுவிட்டது. அந்தக் கணினியில் என்ன செய்தாலும் சில புதிய தளங்கள் மக்கர் செய்யத்தான் செய்யும். வேறு கணினிக்கு மாறுவதுதான் வழி.

நான்காம் படி: வழியில் தடங்கல்

பொத்தானை அழுத்துகிறீர்கள், ஒன்றுமே நடக்கவில்லை. பெரும்பாலும் பாப்-அப் தடுப்புதான் காரணம். பல தளங்கள் சான்றைப் புதிய ஜன்னலில் திறக்கும். பிரவுசர் அதை விளம்பரம் என்று நினைத்து அடக்கிவிடும். முகவரிப் பட்டையின் வலது ஓரத்தில் சிறு சின்னம் ஒன்று முளைத்திருக்கும். அதைத் தட்டி அந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். ஐபோனில் செட்டிங்ஸில் சஃபாரிக்குள் 'பிளாக் பாப்-அப்ஸ்' என்று இருக்கும்.

பழைய தளங்களில் இன்னொன்று. பக்கம் பாதுகாப்பான இணைப்பில் இருக்கும், அதிலுள்ள பிடிஎஃப் இணைப்பு மட்டும் பழைய, பாதுகாப்பற்ற ஹெச்டிடிபி-யில் இருக்கும். குரோம் அதை இறக்காமல் நிறுத்திவைக்கும். டவுன்லோட்ஸ் பட்டியலைத் திறந்தால் 'கீப்' என்ற தெரிவு கிடைக்கலாம். தளம் உங்களுக்குத் தெரிந்த, நம்பகமான தளம்தான் என்றால் மட்டும் அதை அழுத்துங்கள். எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பு எச்சரிக்கை வருகிறதென்றால் கணினியின் தேதியைப் பாருங்கள். மதர்போர்டு பேட்டரி தீர்ந்து தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தால், தளங்களின் சான்றிதழ்கள் எல்லாம் செல்லாதவையாகத் தெரியும்.

சில தளங்களில் பிடிஎஃப் எப்போதும் டவுன்லோட் ஆகிறதே தவிர பிரவுசருக்குள் தெரிவதில்லை என்றால், அது உங்கள் கோளாறு அல்ல. 'இதைக் காட்டாதே, தனிக் கோப்பாக இறக்கிக் கொடு' என்று தளமே உத்தரவு சேர்த்து அனுப்புகிறது. எஃப்12 அழுத்தி நெட்வொர்க் டேபைத் திறந்துவைத்து இணைப்பைத் தட்டினால், கன்டென்ட்-டிஸ்பொசிஷன் என்ற வரியில் 'அட்டாச்மென்ட்' என்று இருப்பதைக் காணலாம். அதே இடத்தில் 404 என்று தெரிந்தால் கோப்பு அங்கே இல்லை, 403 என்றால் உங்களுக்கு அனுமதி இல்லை. இரண்டுக்கும் உங்கள் பக்கம் செய்யக்கூடியது அதிகமில்லை.

கூகுள் டிரைவில் பகிர்ந்த கோப்புக்கு 'அனுமதி வேண்டும்' என்று வந்தால், உடனே அனுப்பியவருக்குப் போன் போடாதீர்கள். ஒரே பிரவுசரில் இரண்டு மூன்று ஜிமெயில் கணக்குகள் திறந்திருக்கும். கோப்பைப் பகிர்ந்தது ஒரு கணக்குக்கு, பிரவுசர் காட்டுவது இன்னொன்றை. வலது மேல் மூலையில் கணக்கை மாற்றிப் பாருங்கள். வேர்டு, எக்செல் கோப்புகளைப் பொறுத்தவரை, குரோமுக்குள்ளும் ஃபயர்ஃபாக்ஸுக்குள்ளும் அவற்றைக் காட்டும் நிரல் கிடையாது. டிரைவில் ஏற்றியோ அதற்குரிய செயலியிலோதான் திறக்க வேண்டும்.

ஐந்தாம் படி: தமிழ் மட்டும் தெரியவில்லை

பிடிஎஃப் திறக்கிறது, ஆங்கிலம் ஒழுங்காக இருக்கிறது, தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள். 'தமிழ்' என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்று நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் தெரிகிறதா? அது பாமினி. இலங்கையிலும் புலம்பெயர்ந்தோர் வெளியீடுகளிலும் நெடுங்காலம் கோலோச்சிய எழுத்துரு. தமிழ்நாட்டு அலுவலகங்களில் வானவில் இருந்தது, 1999-இல் தரப்படுத்தப்பட்ட டாம், டாப் குறியீடுகள் இருந்தன, இணையத்தில் டிஸ்கி இருந்தது. ஒவ்வொன்றிலும் கணினிக்குள் எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பது வேறு. தமிழ்நாடு அரசு உலகப் பொதுக் குறியீடான யூனிகோடையும் தமிழுக்கென அமைத்த டேஸ்16-ஐயும் தரமாக ஏற்றது 2010-இல்தான்; அதற்கு முந்தைய ஆவணங்கள் இந்தக் கலவையில்தான் கிடக்கின்றன.

பிடிஎஃப் செய்தவர் எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பதித்திருந்தால் உங்களுக்கு எந்தக் கவலையும் இல்லை. பதிக்காமல் விட்டிருந்தால் பிரவுசர் கைக்குக் கிடைத்த ஆங்கில எழுத்துருவைப் போட்டு நிரப்பிவிடும். அடோபி ரீடரில் டாக்குமென்ட் பிராபர்ட்டீஸ், ஃபான்ட்ஸ் பகுதிக்குப் போங்கள். எழுத்துருவின் பெயருக்கு அருகே 'எம்பெடட்' அல்லது 'எம்பெடட் சப்செட்' என்று இல்லையென்றால் பதிக்கப்படவில்லை. அங்கே தெரியும் பெயரிலுள்ள எழுத்துருவைக் கணினியில் நிறுவிவிட்டு, ரீடரிலேயே திறந்து பாருங்கள். பிரவுசர்கள் இந்த விஷயத்தில் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. எழுத்துரு கிடைக்கவே இல்லை என்றால், எழுத்துகளை நகலெடுத்து என்ஹெச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டு யூனிகோடுக்கு மாற்றலாம். பக்க அமைப்பு போய்விடும், படிக்கலாம்.

ஓர் எச்சரிக்கை: 'எழுத்துரு இல்லை, இதை நிறுவுங்கள்' என்று இணையப் பக்கமே துள்ளி வந்து கேட்டால் மூடிவிட்டு வெளியே வாருங்கள். 2017-இல் குரோம் பயனாளர்களைக் குறிவைத்து இதே தந்திரத்தில் தீநிரல் பரப்பினார்கள். பிரவுசர் ஒருநாளும் அப்படிக் கேட்காது.

கண்ணுக்கு நன்றாகத் தெரியும் தமிழ், தேடும்போது அகப்படாமல் போவது இன்னொரு தொல்லை. வாக்காளர் பட்டியலிலோ தேர்வு முடிவிலோ கன்ட்ரோல் எஃப் போட்டுப் பெயரைத் தட்டினால் 'இல்லை' என்கிறது, உருட்டிப் பார்த்தால் பெயர் இருக்கிறது. யூனிகோடில் செய்த பல பிடிஎஃப்களில்கூட எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில்தான் உள்ளே இருக்கும். 'கொடி' என்பதில் கொம்பு முதலில், பிறகு க, பிறகு கால். நீங்கள் தட்டுவதோ க முதலில். இரண்டும் பொருந்தாது. எளிய வழி, ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரம் எதுவும் வராத சொல்லையோ சொல்லின் துண்டையோ தேடுவது. 'செல்வராணி' அகப்படாவிட்டால் 'ராணி' என்று தேடுங்கள். அதுவும் பலிக்கவில்லை, அல்லது பக்கங்கள் வெறும் படங்கள் என்றால், கோப்பை கூகுள் டிரைவில் ஏற்றி, ரைட் கிளிக் செய்து, ஓபன் வித், கூகுள் டாக்ஸ் கொடுங்கள். தமிழ் எழுத்துகளை ஓரளவு நன்றாகவே படித்து எழுத்தாக்கித் தரும். பெரிய கோப்பை அப்படியே ஏற்றாமல், வேண்டிய பக்கங்களை மட்டும் பிரித்து ஏற்றுங்கள்.

பெரிய ஸ்கேன் புத்தகங்கள்

இலங்கைத் தமிழ் நூல்களைச் சேர்த்துவைக்கும் 'நூலகம்' தளத்திலோ தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலோ பழைய நூல்களைப் படிப்பவர்களுக்கு இது. ஸ்கேன் செய்த நூலில் ஒவ்வொரு பக்கமும் ஒரு படம். பிரவுசர் அதை ஒவ்வொரு முறையும் விரித்துத்தான் காட்ட வேண்டும். நினைவகம் குறைந்த கணினியில் திணறும், டேபே செத்துப் போகும். பிரவுசரோடு மல்லுக்கட்டாமல் இறக்கிவைத்து, சுமத்ரா போன்ற எடை குறைந்த நிரலில் படியுங்கள்.

போனில்

ஆண்ட்ராய்டில், அதிலும் பழைய போன்களில், பிடிஎஃப்பைப் பல பிரவுசர்கள் தாமே காட்டுவதில்லை. இறக்கி, இன்னொரு செயலியிடம் ஒப்படைத்துவிடுகின்றன. அந்தச் செயலி இல்லாமலோ பழசாகவோ இருந்தால் 'திறக்க முடியவில்லை' என்று வரும். டிரைவோ அடோபியோ வைத்துக்கொண்டால் போதும். வாட்ஸாப்பிலோ பேஸ்புக்கிலோ இணைப்பைத் தட்டி அந்தச் செயலிக்குள்ளேயே பக்கம் திறந்திருந்தால், மூன்று புள்ளியைத் தட்டி வெளி பிரவுசருக்கு மாறுங்கள். 'கல்யாணப் பத்திரிகை' என்று பெயர் போட்டு, முடிவில் ஏபிகே என்றிருக்கும் கோப்பு ஆவணமே அல்ல, போனில் செயலியை நிறுவும் கோப்பு. தொடாதீர்கள்.

கையொப்பத்தில் கேள்விக்குறி

கோப்பு கெட்டுவிட்டதோ என்று இதைப் பார்த்துப் பயப்படுபவர்கள் நிறையப் பேர். இ-ஆதாரிலும் பல அரசுச் சான்றுகளிலும் டிஜிட்டல் கையொப்பத்தின் மேல் மஞ்சள் கேள்விக்குறியும் 'வேலிடிட்டி அன்நோன்' என்ற சொற்களும் இருக்கும். கையொப்பம் பொய் என்று அதற்குப் பொருளில்லை, இன்னும் சரிபார்க்கவில்லை என்றுதான் பொருள். குரோமில் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாலும் அது பச்சையாக மாறாது, சரிபார்க்கும் வேலையை அது செய்வதில்லை. கணினியில் அடோபி ரீடரில் திறந்து, கையொப்பத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, சிக்னேச்சர் பிராபர்ட்டீஸுக்குப் போய்ச் சான்றிதழைத் திறங்கள். யார் பெயரில் வழங்கப்பட்டிருக்கிறது என்று முதலில் படித்துப் பாருங்கள். சரியாக இருந்தால் டிரஸ்ட் பகுதியில் நம்பகப் பட்டியலில் சேர்த்துவிட்டு, மறுபடி வேலிடேட் கொடுங்கள். அந்தக் கணினிக்கு மட்டும்தான் இது செல்லும். சான்றை வாங்கிப் பார்ப்பவர் தம் கணினியில் தாமே சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

இத்தனைக்கும் பிறகும் திறக்கவில்லை என்றால் தளத்தின் உதவிப் பிரிவுக்கு எழுத வேண்டியதுதான். 'பிடிஎஃப் வரவில்லை' என்று மட்டும் எழுதினால் 'கேஷ் கிளியர் செய்யவும்' என்றுதான் பதில் வரும். பிரவுசரின் பெயரும் பதிப்பும், எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு முயன்றீர்கள், திரையில் வந்த வரி எழுத்து மாறாமல், சேமித்த கோப்பின் அளவு, வேறு பிரவுசரில் என்ன நடந்தது, இவற்றை எழுதி ஒரு ஸ்கிரீன்ஷாட்டையும் இணையுங்கள். ஆதார் எண்ணோ கணக்கு எண்ணோ படத்தில் தெரிந்தால் அனுப்பும் முன் மறைத்துவிடுங்கள்.